மாடியில் தகரக் கூரை: போடுவதற்கு முன் தெரிந்துகொள்வோம்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையை நோக்கிப் போகும்போது இரு பக்கமும் உள்ள வீடுகளை அண்ணாந்து பாருங்கள். நீலம், சிவப்பு, பச்சை என்று மாடிக்கு மாடி கலர் ஷீட் கூரைகள் தெரியும். முன்பு கீற்றும் நாட்டு ஓடும் சீமை ஓடுமாக இருந்த ஊர்கள் இவை. பிறகு கல்நார் ஷீட் வந்தது, இப்போது இரும்புத் தகடு. வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறார். ஊரில் அத்தா கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் காட்டியதை வாங்கி வருகிறார். பொருள் நல்லதுதான். எதற்குப் போடுகிறோம், எதை வாங்குகிறோம், எப்படிப் பொருத்துகிறோம் என்பதில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் எடையைப் பார்ப்போம். 400 சதுர அடிக்கு 4 அங்குலக் கான்கிரீட் தளம் போட்டால் அதன் எடை சுமார் 9 டன். அதே இடத்தை அரை மில்லிமீட்டர் தகட்டால் மூடினால், தகடு மட்டும் ஏறக்குறைய 150 கிலோதான். குழாய், டிரஸ் எல்லாம் சேர்த்தாலும் கான்கிரீட்டின் பக்கத்தில்கூட வராது. பழைய அஸ்திவாரத்தின் மேல் இன்னொரு கான்கிரீட் தளத்தை ஏற்ற முடியாத வீடுகளுக்கு இது பெரிய வசதி. செலவும் குறைவு, வேலையும் சில நாளில் முடியும். நம் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மாடியில் ஓர் அறைக்காக வட்டிக் கடனில் போய் விழுவதா, கையில் இருப்பதை வைத்து முடிப்பதா என்று யோசிக்கிறவர்களுக்கு, இரண்டாவது வழியைத் திறந்து வைப்பது பெரும்பாலும் இந்த ஷீட்தான்.

தீயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கீற்றுக் கொட்டகை எரிந்து 28 பேர் மரணித்தார்கள். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். இரண்டிலும் கூரை கீற்று. இன்னும் மாடியில் கீற்றுப் பந்தல் போட்டு, அதற்கடியில் விருந்துக்கு அடுப்பு மூட்டுகிற வழக்கம் நம்மிடம் முழுதாகப் போய்விடவில்லை.

கல்நார் ஷீட் எரியாது. ஆனால் கல்நார் இழை நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பது உலக சுகாதார நிறுவனம் உறுதியாகச் சொல்லும் விஷயம். பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் இன்னும் கடையில் கிடைக்கிறது. வீட்டில் பழைய கல்நார் கூரை இருந்தால் பதற வேண்டாம், உடையாத வரை ஆபத்து குறைவு. அறுப்பது, துளைப்பது, சுத்தியலால் உடைத்து இறக்குவதுதான் கெடுதல். மாற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

இனி வெயிலுக்கு வருவோம். "தகரம் போட்டால் அனல் அடிக்கும்" என்பார்கள். பாதி உண்மை. சித்திரை வெயிலில் தகடு நண்பகலில் 60 டிகிரியைத் தாண்டும். அதற்கு நேர் கீழே உட்கார முடியாது. ஆனால் தகடு மெல்லியது, சூட்டைச் சேமித்து வைக்காது. மஃரிப் தாண்டினால் ஆறத் தொடங்கிவிடும். கான்கிரீட் இதற்கு நேர்மாறு. பகல் முழுக்க வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். இரவில் மின்விசிறி சுடுகாற்றை வீசுவது அதனால்தான்.

எங்கள் பார்வையில் தகரக் கூரை அதிகம் பயன்படுவது, இருக்கிற கான்கிரீட் மாடிக்கு மேல் இரண்டாவது கூரையாக. வெயில் தகட்டில் விழுகிறது, இடையில் காற்று ஓடுகிறது, தளம் நிழலில் இருக்கிறது, கீழே படுக்கையறை குளிர்கிறது. நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் இந்தப் பலன் போய்விடும். காற்று போக வழி வேண்டும். தளத்தில் மழைநீர் ஊறுவதும் இதனால் நிற்கும்.

தகரத்தின் கீழேயே ஆட்கள் குடியிருக்கப் போகிறார்கள் என்றால் கதை வேறு. வெறும் ஷீட் போதாது. நடுவில் நுரை வைத்த பஃப் பேனல் போடலாம், அல்லது உள்ளே ஜிப்சம் சீலிங் அடித்து, தகட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே காற்று வெளியேற வழி விடலாம். விலை மலிவு என்று தெர்மாகோல் சீலிங் அடிப்பது வேண்டாம், அது தீப்பிடிக்கும். நிறத்தில் வெள்ளையே சிறந்தது. பெயின்ட் இல்லாத பளபளப்புத் தகடு வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பினாலும், ஏறிய சூட்டை எளிதில் வெளிவிடாது. வெள்ளைப் பெயின்ட் இரண்டையும் செய்யும். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. நம் பக்கம் இன்னும் அடர்நீலத்தைத்தான் அழகு என்று கேட்டு வாங்குகிறார்கள்.

கடையில் என்ன கேட்பது? பழைய வகை, இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது. இப்போது அதிகம் விற்பது அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு. அதில் சுமார் 55 சதவீதம் அலுமினியம். இது நம் ஊர் போன்ற உள்நாட்டுப் பகுதியில் நீண்ட காலம் உழைக்கும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருக்கும் உறவினர்கள் இதே ஷீட்டைப் போட்டுவிட்டு நம்மைப் போல் நிம்மதியாக இருக்க முடியாது, உப்புக்காற்று அரித்துவிடும். அங்கே அலுமினியத் தகடு பற்றி விசாரிப்பது நல்லது.

"0.50 மி.மீ." என்று சொன்னால், பெயின்ட், பூச்சு எல்லாம் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று கேளுங்கள். பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்றும் கேளுங்கள். 150 கிராம் நல்ல அளவு. இரண்டு கடையில் விலை வித்தியாசம் இருந்தால், ஒரே நீள ஷீட்டை இரண்டு இடத்திலும் எடை போட்டுப் பாருங்கள். தராசு பொய் சொல்லாது. தகட்டில் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரும் அளவும் பில்லிலும் இருக்கட்டும்.

அடுத்தது காற்று. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் டெல்டாவில் எத்தனையோ தகரக் கூரைகளைப் பிய்த்து எறிந்தது. திண்டுக்கல் மாவட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. கொடைக்கானலில் மரங்கள் சாய்ந்தன. புயல் இல்லாவிட்டாலும் ஆடிக்காற்று இருக்கிறது. பறக்கும் தகடு கத்தி மாதிரி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மேல் விழலாம். காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே தூக்குவதுதான் அதிகம். அதுவும் ஓரங்களிலும் மூலைகளிலும் கடுமையாக. ஆகவே அங்கே திருகாணிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். தூண்களைத் தளத்தில் சும்மா நிறுத்தி வைக்கக் கூடாது, அடித்தகடு வைத்துப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். திருகாணியின் ரப்பர் வாஷர் நசுங்கும் அளவுக்கு முறுக்கினால் அந்த இடமே பிறகு ஒழுகும். தண்ணீர் ஓடும் பள்ளத்தில் துளை போடாமல் மேட்டில் போடச் சொல்லுங்கள். வாட்டம் 10 அடிக்கு ஓர் அடியாவது இருக்கட்டும். சுவரோடு சேரும் இடத்தில் கொத்தனார் சிமென்ட் கலவையை அப்பிவிடுவார். ஈரச் சிமென்ட் இந்தப் பூச்சை அரிக்கும். அங்கே மடித்த தகடு வைப்பதே முறை. வெல்டர் கிரைண்டரால் அறுத்தால் சிதறும் இரும்புத்தூள் ஷீட்டின் மேல் ஒட்டித் துருப்பிடிக்கும். அன்றே துடைத்துவிட வேண்டும்.

மின்சாரம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரும்புத் தூணில் ஒயரைச் சுற்றி விளக்குப் போடுவது, அதே தூணில் கம்பிக்கொடி கட்டி ஈரத் துணி காயப்போடுவது, இரண்டும் ஒன்று சேர்ந்தால் உயிர் போகும். ஒயரை பிளாஸ்டிக் குழாய்க்குள் கொண்டுபோங்கள், கூரைச் சட்டத்துக்கு எர்த் கொடுங்கள், வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் ஷீட்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள். துணிக்கொடிக்கு நைலான் கயிறு போதும். தகரக் கூரை இடியை இழுக்கும் என்ற பயம் தேவையில்லை, எர்த் இருந்தால் சரி.

மழைச் சத்தம் உண்மையான குறைதான். வெளிப்பள்ளியில் ஷீட் போட்ட இடங்களில், அடைமழையில் இமாமின் ஓதல் பின் வரிசைக்குக் கேட்காது. பஃப் பேனலோ உள்சீலிங்கோ இதையும் குறைக்கும்.

அதே மழையில் ஒரு வரவும் உண்டு. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. பெய்கிறது. 400 சதுர அடிக் கூரை என்றால் 37 சதுர மீட்டர். ஏறக்குறைய 29 ஆயிரம் லிட்டர். சிந்தியது, முதல் மழையில் கழுவி விட்டது எல்லாம் போக 20 ஆயிரத்துக்கு மேல் தொட்டிக்கு வரும். ஷீட் வாங்கும் அன்றே ஓரத்துக்குத் தண்ணீர்த் தகடும் கீழிறக்கும் குழாயும் சேர்த்து விலை கேளுங்கள். பிறகு மாட்டுவதென்றால் சாரம் கட்ட வேண்டிவரும்.