ரன்னிங் பேக்கின் விலை

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் தடுப்பு வரிசையைப் பிளந்து ஓடும் வீரருக்கு ரன்னிங் பேக் என்று பெயர். என்.எஃப்.எல். லீகின் 32 அணிகளிலும் அதிகமாக அடிபடும் வீரர்களில் இவரும் ஒருவர். நடப்பு ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே அதே அணி மேலும் சில ஆண்டுகளுக்குப் பெரிய தொகையோடு எழுதிக்கொடுப்பதுதான் ஒப்பந்த நீட்டிப்பு. மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்கு இது வழக்கமான படியேற்றம். ரன்னிங் பேக் என்று வரும்போது மட்டும் அணி நிர்வாகங்கள் பலமுறை யோசிக்கின்றன. ஓடி முடித்த ஆண்டுகளைக் காட்டி வீரர் விலை கேட்கிறார். இனி ஓடப்போகும் ஆண்டுகளைக் கணக்கிட்டு அணி விலை சொல்கிறது. இந்த இரண்டு கணக்கும் ஒத்துவருவது அரிது.

முதல் ஒப்பந்தத்தின் பிடி

கல்லூரி முடித்த வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்ட் முறையில் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. லீகும் வீரர் சங்கமும் 2011-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, எத்தனையாவது ஆளாகத் தேர்வானார் என்பதே புதியவரின் சம்பளத்தைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு. மூன்று சீசன்கள் முடியும்வரை அதைத் திருத்திப் பேசவே முடியாது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்றால், ஐந்தாவது ஆண்டும் தக்கவைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு.

அதற்குப் பிறகும் வீரர் உடனே விடுபட்டுவிடுவதில்லை. ‘ஃப்ரான்சைஸ் டேக்’ என்ற ஏற்பாட்டின் மூலம், அந்த இடத்தில் ஆடுபவர்களின் உச்சச் சம்பளங்களை ஒட்டிக் கணக்கிடப்படும் தொகையை ஓராண்டுக்குக் கொடுத்து அணி அவரை நிறுத்திவைக்கலாம். அடுத்த ஆண்டு 120 சதவீதமாக உயர்த்தி மறுபடியும் நிறுத்திவைக்கலாம். ஆக, 21 அல்லது 22 வயதில் லீகுக்குள் வருபவர் வெளிச்சந்தையில் தன் விலையைக் கேட்டுப் பார்க்க 26, 27 வயது ஆகிவிடுகிறது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு அது தொழில் சூடுபிடிக்கும் வயது. ரன்னிங் பேக்குகளில் பெரும்பாலோருக்குச் சிறந்த ஓட்டங்கள் அதற்குள் முடிந்துவிடுகின்றன.

அணிகள் தயங்கும் காரணங்கள்

முதல் காரணம் உடல். பெரும்பாலான ஓட்டங்கள் கனத்த உடல்கொண்ட ஆட்கள் மோதிச் சாய்ப்பதில்தான் முடிகின்றன. 2019-இல் கரோலினா பாந்தர்ஸ் அணிக்காக ஆடிய கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, ஓடியும், எறியப்படும் பந்தை (பாஸ்) வாங்கியும் ஒரே சீசனில் 403 முறை பந்தைச் சுமந்தார். இரு வகையிலும் தலா ஆயிரம் யார்டைத் தாண்டிய மூன்றாவது வீரர் என்ற பெருமையும் கிடைத்தது. 2020 ஏப்ரலில் நான்கு ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலரில் நீட்டிப்பு வந்தது. அடுத்த இரண்டு சீசன்களில் காயங்களால் அவர் ஆட முடிந்தது மொத்தமே 10 ஆட்டங்கள்.

இரண்டாவது காரணம், முன்வரிசை. ஓட்டத்துக்கான வழியைத் திறப்பவர்கள் முன்னால் நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள். ஆகவே எடுத்த யார்டுகளில் ஓடியவரின் பங்கு எவ்வளவு, தடுப்பாளர்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். 2014-இல் டாலஸ் கவ்பாய்ஸ் அணியின் டிமார்கோ மர்ரி 1,845 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தார். டாலஸ் அவருக்குப் பெரிய தொகை கொடுக்க முன்வரவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் என்று பிலடெல்பியா ஈகிள்ஸ் அழைத்துக்கொண்டது. 2015-இல் அங்கே அவர் எடுத்தது 702 யார்டு. அதே ஆண்டில், குறைந்த விலைக்கு வந்த டேரன் மெக்ஃபேடன் டாலஸின் முன்வரிசைக்குப் பின்னால் ஓடி 1,089 யார்டு எடுத்தார்.

மூன்றாவது காரணம், குறைந்த செலவில் கிடைக்கும் மாற்று. 2022 டிராஃப்டின் கடைசிச் சுற்றில் 251-ஆவது ஆளாக எடுக்கப்பட்ட ஐசையா பச்சேகோ, அந்த சீசன் முடிவில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் முதன்மை ரன்னிங் பேக்காக இருந்தார். ஆட்டம் ஆண்டுக்காண்டு பாஸ் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கும் காலத்தில், ஓட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தைக் குவார்ட்டர்பேக், பாஸ் வாங்கும் வைட் ரிசீவர், முன்வரிசை என்று திருப்பிவிடும் ஆசை நிர்வாகங்களுக்கு வருவதில் வியப்பில்லை.

அறிவிக்கும் தொகை, கைக்கு வரும் தொகை

நீட்டிப்புச் செய்தியில் பெரிதாக வரும் மொத்தத் தொகை முழுவதும் வீரரின் கைக்கு வந்து சேர்வதில்லை. அணி விலக்கினாலும் கொடுத்தே தீரவேண்டியது உத்தரவாதத் தொகை மட்டுமே. மீதி, அந்தந்த ஆண்டில் அணியில் நீடித்தால்தான் கிடைக்கும். 30 வயதை ஒட்டிய கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு எழுதப்படும் பெரும் சம்பளம் பல ஒப்பந்தங்களில் காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

அணியின் பக்கத்துக் கணக்கு வேறு. ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு இவ்வளவுதான் சம்பளமாகச் செலவிடலாம் என்று 1994 முதல் லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கையெழுத்துப் போடும்போது கொடுக்கும் போனஸை அணி ஒப்பந்தக் காலம் முழுக்கப் பரப்பிக் கணக்கில் காட்டலாம். 2 கோடி டாலர் போனஸோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 40 லட்சம் கணக்கில் ஏறும். வீரரை இரண்டாம் ஆண்டு முடிவில் விலக்கினால், மிச்சமிருக்கும் 1.2 கோடி டாலர் உச்சவரம்புக் கணக்கின் மேல் வந்து விழும். ஆடாத ஆளுக்காக இடத்தை அடைத்துக்கொள்ளும் இந்தத் தொகையை ‘டெட் மணி’ என்கிறார்கள். நீட்டிப்பு தவறிப்போனால், அடுத்த ஆட்களை வாங்கும் வலுவையும் அணி இழப்பது இதனால்தான்.

2018 முதல் 2020 வரை

தயங்கிக்கொண்டிருந்த அணிகள் தாராளமாகக் கையெழுத்துப் போட்ட காலம் இது. லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியின் டாட் கர்லி 2017-இல் லீகின் சிறந்த தாக்குதல் வீரர் விருதை வென்றவர். 2018 ஜூலையில் நான்கு ஆண்டுகளுக்கு 5.75 கோடி டாலர் நீட்டிப்பு கிடைத்தது. அந்த சீசனில் 21 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். ஆனால் சீசன் இறுதியில் இடது முழங்கால் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. 2019 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் அவர் பந்தோடு ஓடியது 10 முறை, எடுத்தது 35 யார்டு. 2020 மார்ச்சில் ராம்ஸ் அவரை விலக்கியபோது, நீட்டிக்கப்பட்ட நான்கு ஆண்டுகளில் முதலாவது ஆண்டே தொடங்கியிருக்கவில்லை. அட்லாண்டாவில் மேலும் ஒரு சீசன் ஆடியதோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

டாலஸின் எஸக்கியல் எலியட் 2016-இலும் 2018-இலும் ஓட்டத்தில் லீகின் முதலிடம் பிடித்தவர். பயிற்சி முகாமுக்கு வராமல் போராடி, 2019 செப்டம்பரில் ஆறு ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் நீட்டிப்பைப் பெற்றார். அதில் 5 கோடி உத்தரவாதம். லீகுக்கு வந்த முதல் சீசனில் ஓர் ஓட்டத்துக்குச் சராசரி 5.1 யார்டு எடுத்தவர், 2022-இல் 3.8 யார்டுக்கு இறங்கினார். 2023 மார்ச்சில் விலக்கப்பட்டார். நீட்டிக்கப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்த ஒப்பந்தத்தின் கீழ் அவர் டாலஸுக்கு ஆடிக்கொடுத்தவை இரண்டு.

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் லெவியன் பெல் எதிர்வழியில் போனார். 2018-இல் இரண்டாம் முறையாக டேக் வைக்கப்பட்டபோது, சுமார் 1.45 கோடி டாலரை வேண்டாமென்று தள்ளி அந்த சீசன் முழுக்க ஆடாமல் இருந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க் ஜெட்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 5.25 கோடி டாலரில் அவரை எடுத்து, 2020 அக்டோபரில் விலக்கியது.

இந்த வரிசையில் எழுதிய தொகைக்குப் பழுதில்லாமல் ஆடிக்கொடுத்தவர் டெனஸீ டைட்டன்ஸின் டெரிக் ஹென்றி. 2020 ஜூலையில் நான்கு ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர். அந்த சீசனிலேயே 2,027 யார்டு ஓடினார். 2021-இல் பாத எலும்பு முறிவால் பாதி ஆட்டங்களை இழந்தபோதும், அடுத்த இரண்டு சீசன்களிலும் ஆயிரத்தைத் தாண்டினார். லீகுக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளில், அதற்குள் டெனஸீக்கு மாறியிருந்த மர்ரிக்கு அடுத்த ஆளாக இருந்ததால், அவருடைய உடல் அதிகம் தேயாமல் இருந்தது. இளமையில் குறைவாக ஓடியது பிற்காலத்துக்கு உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு.

2023-இன் கோடை

2017-இல் ரன்னிங் பேக்குக்கான டேக் தொகை சுமார் 1.21 கோடி டாலர்; அணியின் சம்பள உச்சவரம்பு 16.7 கோடி. 2023-இல் உச்சவரம்பு 22.48 கோடியாக உயர்ந்திருந்தது. டேக் தொகையோ 1.01 கோடியாக இறங்கியிருந்தது. லீகின் வருமானம் வளர்ந்த ஆறு ஆண்டுகளில் ரன்னிங் பேக்கின் விலை தேய்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த ஆண்டு சக்வான் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ், டோனி போலார்ட் ஆகிய மூன்று ரன்னிங் பேக்குகளுக்கும் டேக் வைக்கப்பட்டது. நீண்டகால ஒப்பந்தத்துக்கான கெடு ஜூலை 17 அன்று முடிந்தபோது மூவரில் ஒருவருக்கும் அது கிடைத்திருக்கவில்லை. சில நாள்களில், தாமும் ரன்னிங் பேக்கான ஆஸ்டின் எக்கலர் ஏற்பாட்டில் முன்னணி ரன்னிங் பேக்குகள் காணொளி வழியே கூடிப் பேசினார்கள். விதிகளை மாற்றும் வழி எதுவும் உடனே புலப்படவில்லை. லீகும் வீரர் சங்கமும் 2020-இல் புதுப்பித்த உடன்படிக்கை 2030 சீசன் வரை நீள்வது. ஆனாலும் மனக்குறை பொதுவெளிக்கு வந்துவிட்டது. அக்டோபரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸின் ஜானதன் டெய்லருக்கு மூன்று ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலர் நீட்டிப்பு கிடைத்தது.

பார்க்லி மாற்றிய கணக்கு

2024 மார்ச்சில் நியூயார்க் ஜயண்ட்ஸ் பார்க்லியைப் போகவிட்டது. ஈகிள்ஸ் அணி மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 3.78 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. லீகின் வலுவான முன்வரிசைகளில் ஒன்று அங்கே அவருக்குக் கிடைத்தது. நவம்பரில் ஜாக்சன்வில்லுடன் நடந்த ஆட்டத்தில், ஒருவரை ஏமாற்றிச் சுழன்ற வேகத்தில் அடுத்த தடுப்பாளருக்கு முதுகைக் காட்டியபடியே பின்னோக்கி எம்பி அவர் தலைக்கு மேலாகத் தாண்டிப் போனார். அந்த சீசனில் 2,005 யார்டு. 2025 பிப்ரவரியில், அவருடைய 28-ஆவது பிறந்த நாளில், சூப்பர் பவுல் கோப்பை.

மார்ச்சில் இரண்டு ஆண்டுகளுக்கு 4.12 கோடி டாலர் நீட்டிப்பு வந்தது; 3.6 கோடி உத்தரவாதம். ஆண்டுச் சராசரி 2 கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர்தான். பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்காக 1,921 யார்டு ஓடியிருந்த ஹென்றி, 31 வயதில் இரண்டு ஆண்டுகளுக்கு 3 கோடி டாலர் பெற்றார்.

ஆனாலும் பழைய உயரம் இன்னும் திரும்பவில்லை. கர்லியின் ஆண்டுச் சராசரி 2018-இன் உச்சவரம்பில் சுமார் 8.1 சதவீதம். பார்க்லியின் சாதனைத் தொகை 2025-இன் 27.92 கோடி உச்சவரம்பில் 7.4 சதவீதம்தான். டாலர் கூடியிருக்கிறது, பங்கு குறைந்திருக்கிறது.

எது நல்ல நீட்டிப்பு?

இந்த வரலாற்றில் சில பாடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆண்டுகள் குறைவாகவும் உத்தரவாதத்தின் பங்கு அதிகமாகவும் உள்ள ஒப்பந்தம் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. வீரர் உடல் கெடுவதற்குள் பணத்தைக் கையில் பெறுகிறார். ஆடாத ஆண்டுகளின் சுமை அணியின் தலையில் ஏறுவதில்லை. எலியட்டின் ஆறு ஆண்டையும் பார்க்லியின் இரண்டு ஆண்டையும் பக்கத்தில் வைத்தால் சந்தை கற்றுக்கொண்டது புரியும். அடுத்ததாக, முன்வரிசை வலுவாக உள்ள அணியில்தான் விலையுயர்ந்த ஓட்டக்காரர் முழுப் பயன் தருகிறார். பாஸ் வாங்கவும் தெரிந்தவர் என்றால் அவருடைய மதிப்பு இன்னும் நிலைக்கும்: 2022-இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றப்பட்ட மெக்காஃப்ரி, 2023-இல் சிறந்த தாக்குதல் வீரர் விருதை வென்று, அடுத்த ஆண்டே புதிய நீட்டிப்பும் பெற்றார்.

ஒப்பந்தம் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும் முதல் நான்கு, ஐந்து ஆண்டுகளின் கணக்கு நேராவதில்லை. வீரரின் உடல் மிகுதியாக உழைக்கும் காலத்தில் அவருடைய சம்பளம் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டு அவிழும்போது, உழைத்துத் தேய்ந்த உடலையே காரணம் காட்டி விலை குறைக்கப்படுகிறது. அணிகளின் கணிப்பு பல முறை சரியாக இருந்திருக்கலாம். அதனால் இந்த ஏற்பாடு நியாயமாகிவிடாது. முதல் ஒப்பந்தத்தின் நீளத்தை ரன்னிங் பேக்குகளுக்கு மட்டுமாவது குறைப்பது, அல்லது அந்தக் காலத்திலேயே அவர்கள் சுமக்கும் ஓட்டங்களுக்கு ஏற்பச் சம்பளத்தை உயர்த்துவது ஆகிய மாற்றங்களை லீகும் வீரர் சங்கமும் அடுத்த உடன்படிக்கையில் கொண்டுவர வேண்டும். அதுவரை, மூன்று சீசன் முடிந்ததும் கைக்கு எட்டும் உத்தரவாதத் தொகையே ஒரு ரன்னிங் பேக்கின் ஒப்பந்தத்தில் உண்மையான மதிப்பு.