பழமையின் பெயரால் விற்கப்படும் போதனைகள்: ஹவாய் விவாதமும் திரியாய் வாசகரின் உரிமைகளும்

ஒரு போதனை எவரிடமிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அது பயன் தருமா என்பது வேறொரு கேள்வி. முதலாவது வரலாற்றைச் சார்ந்தது என்பதால், எவ்வளவு புனிதமான சொற்களில் சொல்லப்பட்டாலும் சான்று கேட்டுச் சோதிக்கத்தக்கது. தமிழில் காணொளிகளாகவும் கட்டண வகுப்புகளாகவும் பரவிவரும் 'ஹோஒபோனோபோனோ' என்னும் மன்னிப்புப் பயிற்சி, பண்டைய ஹவாய் மக்களின் இரகசியம் என்ற அறிமுகத்துடனேயே பெரும்பாலும் வருகிறது. சென்னையிலோ கொழும்பிலோ பதிவான வகுப்பு, திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ள திரியாயின் கைபேசிக்கும் அதே அறிமுகத்தோடு வந்து சேர்வதால், அந்த அறிமுகம் எவ்வளவு உண்மை, பொய்யாயின் கேட்பவருக்கு என்ன வழி உண்டு என்பதை அறிந்துவைப்பது இங்குள்ளோருக்கும் வேண்டியதாகிறது.

ஹவாயின் பெயரால் உலகெங்கும் பரவியவற்றுள் முதன்மையானது 'ஹூனா'. இதனை உருவாக்கிய மேக்ஸ் ஃப்ரீடம் லாங் (1890–1971), 1917இல் ஆசிரியப் பணிக்காக ஹவாய் சென்ற அமெரிக்கர். அவர் 1936இல் இதைப் பற்றிய தம் முதல் நூலையும், 1948இல் பெரும் புகழ் பெற்ற மற்றொரு நூலையும் வெளியிட்டு, மனம் மூன்று அடுக்குகளாலானது என்னும் கொள்கையை 'கஹூனா'க்களின் மறைஞானம் என்று அறிவித்தார். கஹூனா என்பது மருத்துவம், படகு கட்டுதல், வழிபாடு முதலிய துறைகளில் கைதேர்ந்தவரைக் குறிக்கும் ஹவாய்ப் பெயர். எந்தக் கஹூனாவும் தமக்கு நேரில் கற்பிக்கவில்லை என்பதை லாங்கே எழுதியிருக்கிறார். அகராதியிலுள்ள ஹவாய்ச் சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, அவற்றுள் ஒளிந்திருக்கும் பொருளைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் கூறினார். அவர் காட்டிய ஒரே பெரிய சாட்சி, ஹொனலுலுவிலுள்ள பிஷப் அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநர் வில்லியம் பிரிகாம். ஆனால் மகானா ரிஸ்ஸர் சாய் 2011இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பிரிகாமின் கடிதங்களிலும் கையெழுத்துப் படிகளிலும் லாங்கின் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்பதையும், கஹூனாக்களை வியந்து போற்றும் மனிதராக லாங் சித்திரித்த பிரிகாம் உண்மையில் ஹவாய் மக்களைத் தாழ்வாகப் பேசியவர் என்பதையும் எடுத்துக்காட்டியது. 1834 முதல் ஹவாய் மொழியில் செய்தித்தாள்கள் வெளிவந்துள்ளன. டேவிட் மாலோ, சாமுவேல் கமகாவ் போன்ற அம்மண்ணின் அறிஞர்கள் தம் மக்களின் வழிபாட்டையும் மருத்துவத்தையும் விரிவாக எழுதிவைத்துள்ளனர். எழுத்துச் சான்று இவ்வளவு இருந்தும் அகராதியைப் பிரித்து மறைபொருள் தேடியதே, ஹூனாவைப் பற்றி ஒருவர் முதலில் ஐயுற வேண்டிய இடம்.

ஹோஒபோனோபோனோவின் நிலை இதைவிடச் சிக்கலானது, ஏனெனில் அப்பெயரில் ஒரு மெய்யான மரபு உண்டு. மேரி கவேனா புகுயியும் அவருடன் பணியாற்றியோரும் 1972இல் பதிவுசெய்தபடி, அது குடும்பத்துக்குள் எழுந்த பிணக்கைத் தீர்க்க மூத்தவர் ஒருவரின் தலைமையில் உறவினர் கூடி, வழிபாட்டுடன் தொடங்கி, குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒருவரையொருவர் மன்னித்து, சேர்ந்து உண்டு முடிக்கும் நடைமுறை. 1976 முதல் மோர்னா சிமியோனா (1913–1992) இதனைத் தனிமனிதர் தமக்குள்ளேயே செய்யும் முறையாக மாற்றி, வினைப்பயன், மறுபிறவி ஆகிய கருத்துகளையும் அதில் சேர்த்தார். 2007இல் ஜோ விட்டாலே, இஹலேகலா ஹியூ லென் ஆகிய இருவரும் வெளியிட்ட நூலின் வழியே அது நான்கு சிறு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியாக உலகச் சந்தைக்கு வந்தது. சிமியோனா ஹவாய் இனத்தவர். தம் முன்னோரின் வழக்கத்தை மாற்ற அவருக்கு உரிமை இருந்தது என்பதால், அவருடைய மாற்றத்தை லாங்கின் புனைவோடு ஒன்றாக வைக்க இயலாது. ஆயினும் எதிரில் ஆளே இல்லாமல், குற்றத்தை எவரிடமும் ஒப்புக்கொள்ளாமல் தனியறையில் செய்யப்படும் ஒன்றை ஹவாயின் பழைய வழக்கம் என்று விற்பது பொய்யான விளம்பரமே. வினைப்பயனையும் மறுபிறவியையும் தம் கோயில் வாசலிலேயே கேட்டு வளர்ந்த தமிழர், அவற்றையே பசிபிக் தீவின் இரகசியமாகக் கட்டணம் செலுத்திப் பெறுவது இந்த வணிகத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

தன் குருவழியை வெளிப்படையாகச் சொல்லும் மரபும் அதே ஹவாயில் உண்டு. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி, காவாய்த் தீவில் 1970இல் நிறுவிய மடம், தன் போதனையை ஹவாய் ஞானம் என்று அழைக்காமல் சைவம் என்றே அழைக்கிறது; குரு யார், எந்த ஊரினர், எப்போது சந்தித்தார் என்பவை சரிபார்க்கத்தக்க செய்திகளாக உள்ளன. அவரே 1998இல் வெளியிட்ட லெமூரியச் சுவடிகள் என்னும் நூல் வேறு வகையானது. ஆனால் அது உட்காட்சியில் பெறப்பட்டது என்று அந்நூலே கூறிவிடுவதால், அதை ஏற்பதா விடுவதா என்பதை வாசகர் தெரிந்தே முடிவுசெய்யலாம்.

ஒரு சான்று எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்று பிரித்தறிவதற்குத் திரியாயிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கிரிஹண்டு சேய என்னும் பௌத்த சைத்தியம் அமைந்துள்ள குன்றின் பாறைக் கல்வெட்டு, சமஸ்கிருத மொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது. திரபுசகர், வல்லிகர் என்னும் வணிகரை அது அச்சைத்தியத்தோடு இணைத்துப் பேசுவதால், அந்நூற்றாண்டில் அந்த நம்பிக்கை இங்கே நிலவியது என்பதற்கு அது உறுதியான சான்று. புத்தர் காலத்திலேயே அவ்விருவரும் அவருடைய கேசதாதுவை (தலைமுடியை) இங்கே கொணர்ந்தனர் என்பதற்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்திய அக்கல்வெட்டைச் சான்றாகக் கொள்ள முடியாது. அதே வணிகரின் கதையை மியன்மாரின் ஷ்வேதகோன் பகோடாவும் தனக்குரியதாகச் சொல்கிறது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் கோணேஸ்வரத்தையும் இராவணனோடு இணைக்கும் கதைகள் இம்மாவட்டத்தின் சொத்து. அவற்றைக் கதைகளாகப் போற்றுவதில் எவருக்கும் இழப்பில்லை. இராவணனின் பெயரால் மருந்தும் தொழில்நுட்பமும் பேசப்படும்போதுதான் கவனம் வேண்டும். இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையே 2020 யூலையில் இராவணனின் வான்பயணம் குறித்த தகவல்களைப் பொதுமக்களிடம் கோரி விளம்பரம் செய்தது. பழங்கால வானூர்திகளைப் பற்றியதாகவும் பரத்துவாச முனிவருக்கு உரியதாகவும் சொல்லப்படும் வைமானிக சாத்திரத்தை, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1974இலேயே பரிசோதித்து, அது 1904க்கு முற்பட்டதன்று என்றும், அதில் விவரிக்கப்பட்ட ஊர்திகள் பறக்க இயலாதவை என்றும் காட்டியிருந்தனர்.

பழமையின் பெயரால் விற்கப்படும் போதனைகளால் விளையும் இடர்களுள் பணவிரயம் மிகச் சிறியது. நீரிழிவுக்கோ மனச்சோர்வுக்கோ எடுத்துவரும் மருந்தை நிறுத்திவிட்டு மன்னிப்பு வாக்கியங்களைச் சொன்னால் போதும் என்று எண்ணுவதும், நேர்ந்த துன்பம் அனைத்துக்கும் தாமே பொறுப்பு என்னும் போதனையைப் போரில் உறவுகளை இழந்தவர் மீது சுமத்துவதும் ஆழமான தீங்குகள். அமெரிக்காவின் அரிசோனாவில் 2009இல், பூர்வகுடியினரின் வெந்நீராவிச் சடங்கைத் தழுவி ஜேம்ஸ் ஆர்தர் ரே என்பவர் நடத்திய கட்டண முகாமில் மூவர் இறந்தனர். கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக அவர் 2011இல் சிறை சென்றார்.

இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தை எவருக்கும் உறுதிசெய்வதால், ஒரு போதனை உண்மையா என்று நீதிமன்றம் தீர்ப்பளிக்க முற்படாது. அந்தப் போதனையை விற்கச் சொல்லப்பட்ட செய்தி உண்மையா என்பதைச் சட்டம் கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வணிகர் எவரும் தவறாக வழிநடத்தும் செயலில் ஈடுபடுவதைத் தடைசெய்கிறது; 31ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைத் தடைசெய்கிறது. அதிகார சபைக்கான முறைப்பாட்டை, பொருளையோ சேவையையோ பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் அளிக்க வேண்டும் என்பதே பலர் தவறவிடும் நிபந்தனை. 1977 என்ற தொலைபேசி எண்ணில் வழிகாட்டல் கிடைக்கும். பணத்தை ஏமாற்றிப் பெற்ற இடத்தில் தண்டனைச் சட்டக்கோவையின் 398, 403ஆம் பிரிவுகளின்படி பொலிஸில் முறையிடலாம். ஆனால் விற்றவர் தாமும் அக்கதையை நம்பியிருந்தால் வஞ்சக எண்ணத்தை நிறுவுவது கடினம் என்பதால், போதனையின் பழமையைப் பற்றி வாதிடுவதைவிட, நோய் குணமாகும், பணம் திருப்பித் தரப்படும், சான்றிதழ் அங்கீகாரம் பெற்றது என்பன போன்ற குறிப்பான வாக்குறுதிகளை முன்வைப்பதே பலன் தரும். நோய்க்குச் சிகிச்சை அளிப்பதாகக் கூறுபவர், 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்பதை ஆயுர்வேத மருத்துவ சபையிடம் கேட்டறியலாம்; அச்சட்டத்தில் ஆயுர்வேதம் என்பது சித்த, யுனானி, தேசிய வைத்தியங்களையும் உள்ளடக்கியது. சிறு தொகைத் தகராறுக்கு மத்தியஸ்த சபை போதும். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பெயர் எடுத்தாளப்படும் மக்களுக்கும் உரிமை உண்டு. 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆம் உறுப்புரை, தம் மரபு அறிவைக் காத்து ஆள அவர்களுக்குள்ள உரிமையை ஏற்கிறது. பிரகடனம் என்பதால் அதனை வைத்து நேரடியாக வழக்காட முடியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் 24ஆம் பிரிவில் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளிப்பதால், கன்னியாவின் கதைகளையோ இப்பகுதியின் கூத்தையோ வணிகமாக்க முனைவோரிடம் அனுமதி பெற்றார்களா என்று கேட்க உள்ளூர்ச் சங்கங்களுக்கு ஓர் அடிப்படை உண்டு.

வெளிநாட்டிலிருந்து இணையவழி நடத்தப்படும் வகுப்புகளில் இந்நாட்டுச் சட்டத்தின் கை எளிதில் எட்டுவதில்லை. அங்கே ஓரளவு பயன்படுவது கடனட்டை வழங்கிய வங்கியிடம் தாமதமின்றிக் கொடுப்பனவை மறுத்து எழுதுவதாகும். அதற்கு விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, பற்றுச்சீட்டு, குறுஞ்செய்திகள் ஆகியவை அழிக்கப்படாமல் இருக்க வேண்டும். ஏமாற்றப்பட்ட வெட்கத்தில் முதலில் அழிக்கப்படுபவையும் அவையே.