எல்லைக்கோடு யார் கையில்?



1946-இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அம்மக்களின் போராட்டத்தை நாம் கவனித்துவருவது புதிதல்ல. இன்று அங்கிருந்து ஒரு பாடம்: தொகுதி மறுவரையறை.

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தொகுதிகளின் எல்லைகள் திருத்தப்படுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அதைச் செய்வது மாநிலச் சட்டமன்றம். ஆளும் கட்சி விரும்பினால் ஒரு சமூகத்தின் வாக்கை இருவழிகளில் முடக்கலாம். அவர்களை ஒரே தொகுதிக்குள் அடைக்கலாம். வாக்குகள் குவியும், கிடைப்பதோ ஓர் இடம். மீதிப்பேரைப் பல தொகுதிகளுக்குச் சிதறடிக்கலாம். எங்கும் அவர்கள் சிறுபான்மையே.

அலபாமா மக்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். 2021 வரைபடத்தின்படி 7 தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்கள் பெரும்பான்மை. 1955-இல் பேருந்துப் புறக்கணிப்பு நடந்த மாண்ட்கோமரியும் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

கறுப்பின வாக்காளர்கள் 1965 வாக்குரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தனர். 2022 ஜனவரியில் கீழ் நீதிமன்றத்தில் வென்றனர். உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்ததால் அவ்வாண்டுத் தேர்தல் பழைய எல்லைகளிலேயே நடந்தது. 2023 ஜூனில் அதே உச்சநீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அப்போதும் சட்டமன்றம் பணியவில்லை. 2-ஆம் தொகுதியில் கறுப்பின வாக்காளர் ஏறத்தாழ 40 விழுக்காடாக இருக்கும்படி வரைந்து தந்தது. கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, தான் நியமித்த வல்லுநரைக் கொண்டு வரையச் செய்தது.

புதிய 2-ஆம் தொகுதி மொபீலிலிருந்து மாண்ட்கோமரி வழியாக ஜார்ஜியா எல்லைவரை நீண்டது. வாக்களிக்கும் வயதினரில் கறுப்பினத்தவர் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 49 ஆனது. 2022-இல் குடியரசுக் கட்சி எளிதாக வென்ற அத்தொகுதியில் 2024-இல் ஜனநாயகக் கட்சியின் ஷோமாரி ஃபிகர்ஸ் வென்றார். அலபாமாவிலிருந்து ஒரே காலத்தில் இரு கறுப்பினர் கீழவையில் அமர்ந்தது அதுவே முதல்முறை. இதற்காக எவரும் வீடு மாறவில்லை. கோடுதான் இடம் மாறியது.

மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்காடியவர்கள் அநீதி என்று முழங்கியதோடு நிற்கவில்லை. கறுப்பினருக்கு இரண்டு தொகுதிகள் சாத்தியம் என்று 11 மாற்று வரைபடங்களை நீதிமன்றத்தின் முன் வைத்தனர். யார் யாருக்கு வாக்களிக்கிறார்கள் என்பதை எண்களால் காட்டினர். இத்தனைக்குப் பிறகும் ஒரு தேர்தலை இழந்தே நீதி பெற்றனர். எல்லை வரையப்படும் நாளில் நாம் அங்கே இல்லையென்றால், வாக்களிக்கும் நாளில் வரிசையில் நின்று பயன் குறைவு.