தண்டவாளத்துக்கு வெளியே நிற்கும் அதிகாரி

வெண்ணந்தூருக்கென்று தனி ரயில் நிலையம் கிடையாது. தறிச்சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டிக் கிழக்கே வந்தால் ஒரு பக்கம் மல்லூர், மறுபக்கம் ராசிபுரம். சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் பாதை இந்த இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு போகிறது. சுமார் 85 கிலோமீட்டர் நீளம். மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவே காவிரியைக் கடக்கிறது. பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு 2013 மே மாதம் அதில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. முதல் வண்டியைப் பார்க்கப் போனவர்கள் மாலையையும் கொடியையும் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கு முன்பே ஒரு கையெழுத்து விழுந்திருந்தது. அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தண்டவாளம் போட்டாயிற்று, ஜல்லி கொட்டியாயிற்று, நிலையங்களுக்கு வண்ணம் அடித்தாயிற்று. அப்போதும் ஒரு பயணியைக்கூட ஏற்ற முடியாது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் நேரில் வந்து பார்த்து, 'மக்கள் பயணத்துக்கு இது ஆபத்தில்லாதது' என்று எழுதித்தர வேண்டும். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் போட்ட நிபந்தனை இது. புதுப் பாதைக்கு மட்டுமல்ல, இரண்டாவது பாதை போட்டாலும் இதே கதைதான். ரயில்வே ஊழியர்கள் அவரைச் சுருக்கமாக 'சி.ஆர்.எஸ்.' என்பார்கள். 'சி.ஆர்.எஸ். வருகிறார்' என்ற செய்தி வந்துவிட்டால் அந்தப் பிரிவில் தூக்கம் போய்விடும்.

நமக்கு அவர் வருவது நாளிதழின் ஒரு மூலைச் செய்தியாகத்தான் தெரியும்: இந்த நாளில் சோதனை ஓட்டம் நடக்கிறது, பொதுமக்கள் தண்டவாளத்தைக் கடக்க வேண்டாம். களத்தில் நடப்பது அதைவிடப் பெரிது. ஆணையர் மோட்டார் டிராலியில் ஏறி, பாலம் பாலமாக, வளைவு வளைவாக, கேட் கேட்டாக இறங்கிப் பார்த்துக்கொண்டே போவார். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் 1,676 மில்லிமீட்டர் இருக்கிறதா? நேர்ப்பாதையில் இரண்டும் ஒரே மட்டமா? வளைவில் வெளித் தண்டவாளம் கணக்குப்படி உயர்ந்திருக்கிறதா? பாதை பிரியும் பாயிண்ட்டில் ஒரு சோதனை உண்டு. நகரும் தண்டவாள நாக்குக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் துண்டை வைப்பார்கள். அது இடுக்கில் இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது; வண்டிக்கு வழிவிடும் சிக்னலும் விழக் கூடாது. விரல் நகம் போகிற இடைவெளியில் ஆயிரம் பேரின் உயிர் தங்கியிருக்கிறது. இத்தனையும் முடிந்த பிறகுதான் வேக ஓட்டம்; அதற்கும் பிறகுதான் எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டலாம் என்ற உத்தரவு.

இவ்வளவு அதிகாரம் உள்ளவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! முதன்முறை கேட்பவர்களுக்குத் தவறாக அச்சாகிவிட்டதோ என்று தோன்றும். இதற்குக் காரணம் எண்பது ஆண்டுகளுக்கும் முந்தையது.

கும்பினி காலத்திலேயே ரயில் பாதைகளைப் பார்வையிட அரசுப் பொறியாளர்கள் இருந்தார்கள். 1905இல் ரயில்வே வாரியம் பிறந்ததும் அந்த ஆய்வாளர்களும் அதன் கீழ் வந்தார்கள். ரயிலை ஓட்டுவதும் வாரியம், ஓடுவது சரியா என்று சொல்பவருக்கு மேலதிகாரியும் வாரியம். இது சரியில்லை என்று 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமே கருதியது. 1937 ஜூலையில் பாட்னாவுக்குப் பக்கத்தில் பிஹ்டாவில் விரைவு ரயில் தடம்புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 'பசிபிக்' வகை எஞ்சின்கள்மேல் சந்தேகம் எழுந்தது. அதை ஆராய அமைத்த குழுவுக்கு பிரிட்டனின் தலைமை ரயில் ஆய்வாளர் மவுண்ட் தலைவர். எஞ்சினைப் பார்க்க வந்தவர்கள் நிர்வாகத்தின் கோளாறையும் பார்த்தார்கள்: ஆய்வாளர்களை வாரியத்திலிருந்து பிரியுங்கள் என்றார்கள். 1941 மே மாதம் பிரித்து, அன்றிருந்த தபால் - விமானத் துறையின் கீழ் வைத்தார்கள். அந்த விமானத் தொடர்புதான் இன்றுவரை வருகிறது. 1961இல் 'ரயில்வே பாதுகாப்பு ஆணையம்' என்ற பெயர் வந்தது. தலைமை ஆணையர் லக்னோவில் இருக்கிறார். தமிழ்நாட்டைப் பார்க்கும் தெற்கு வட்ட ஆணையருக்கு அலுவலகம் பெங்களூரில்.

வெண்ணந்தூர்க்காரர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதாகத் தெரியாது. நெய்தவர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும், சேலையை வெளிச்சத்தில் விரித்து இழை பார்ப்பது வாங்குகிறவர் வேலை.

அந்தப் பிரிவினையின் பலத்தையும் எல்லையையும் ஒருங்கே காட்டுவது புதிய பாம்பன் பாலம். 1914இல் கட்டிய பழைய பாலத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் எழுந்த பாலம் அது. கப்பல் வரும்போது 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக மேலே போகும். 2024 நவம்பரில் தெற்கு வட்ட ஆணையர் ஏ.எம். சவுத்ரி அதை ஆய்வு செய்தார். மணிக்கு 75 கிலோமீட்டர் வரை ஓடலாம், தூக்குப் பகுதியில் 50தான் என்று அனுமதி தந்தார். அதோடு குறைகளையும் ஒரு கடிதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். ரயில்வேயின் சொந்த ஆராய்ச்சி அமைப்பின் தர அளவுகளின்படி வடிவமைப்பு இல்லை. இத்தகைய பாலத்துக்கு அமைக்க வேண்டிய தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவை வாரியம் அமைக்கவில்லை. துருப்பிடிப்பைத் தடுக்கும் ஏற்பாடு போதாது. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் இடம் பாம்பன். அங்கே கடைசிக் குறையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வடிவமைப்பு வெளிநாட்டு ஆலோசனை நிறுவனத்திடம் பெற்றது, சென்னை, மும்பை ஐ.ஐ.டி.க்கள் சரிபார்த்தது என்று ரயில்வே பதில் சொன்னது. குறைகளைப் பார்க்க ஐந்து பேர் குழுவும் அமைத்தது. 2025 ஏப்ரல் 6 அன்று பிரதமர் பாலத்தைத் திறந்து வைத்தார்.

அந்தக் கடிதம் வெளியே தெரிந்ததால்தான் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. கேள்வி கேட்டவர் ரயில்வே வாரியத்திடம் பதவி உயர்வை எதிர்பார்த்து நிற்கும் ஒருவராக இருந்திருந்தால் அவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பாரா?

ஆய்வாளர் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே அனுமதி போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்காட்லாந்தில் ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. டே ஆற்றுப் பாலத்தை 1878 பிப்ரவரியில் அரசு ஆய்வாளர் ஹட்சின்சன் பார்த்தார். பலத்த காற்று வீசும்போது ரயில் போவதைப் பார்க்க விரும்புவதாகக் குறிப்பும் எழுதினார். அந்த ஆசை நிறைவேறாமலே அனுமதி போய்விட்டது. 1879 டிசம்பர் 28 இரவு, புயற்காற்றில், ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு பாலத்தின் நடுப்பகுதி ஆற்றுக்குள் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆணையரின் இன்னொரு வேலை விபத்துக்குப் பிறகு தொடங்குகிறது. பயணிகள் ரயில் விபத்தில் உயிர் போனாலோ, யாருக்காவது நிரந்தர ஊனம் ஏற்படும்படி காயம் பட்டாலோ, பெரும் பொருட்சேதம் ஆனாலோ அவருக்குத் தகவல் போக வேண்டும், அவர் விசாரிக்க வேண்டும். அப்போது நாளிதழ்களில் ஓர் அறிவிப்பு வரும். விபத்து பற்றித் தெரிந்த எவரும் இன்ன நாளில் இன்ன அலுவலகத்துக்கு வந்து சாட்சி சொல்லலாம், வர முடியாதவர்கள் ஆணையருக்கு எழுதலாம் என்று அது சொல்லும். எவரும் என்றால் எவரும்தான். பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர், கேட்டில் காத்திருந்த லாரி ஓட்டுநர், கடைசிப் பெட்டியில் வந்த பாட்டி. தமிழ்நாட்டில் இதைப் படித்துவிட்டுக் கடந்துபோகிறவர்களே அதிகம். இது நமக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு.

2023 ஜூன் 2 மாலை ஒடிசாவின் பஹானகா பஜாரில் சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு ரயில் லூப் லைன் எனும் கிளைப்பாதைக்குள் திரும்பி, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை விசாரித்தவரும் இதே சவுத்ரிதான். அப்போது அவர் தென்கிழக்கு வட்டத்தில் இருந்தார். அவருடைய அறிக்கையின் சாரத்தை ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது: முன்பு சிக்னல் சுற்றை மாற்றியபோது நடந்த தவறு, விபத்து நாளன்று ஒரு லெவல் கிராசிங்கின் மின்தடுப்பை மாற்றும் வேலையில் நடந்த தவறு. இரண்டும் சேர்ந்து, நேர்ப்பாதைக்குப் பச்சை காட்டியபடியே பாயிண்ட்டை லூப் லைனுக்குத் திறந்து வைத்திருந்தன. மனதைப் பிசையும் செய்தி இன்னொன்று. 2022 மே மாதம், பஹானகா இருக்கும் அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்கரநயாபாஜ் நிலையத்தில், தவறான வயரிங்கால் இதுபோன்ற கோளாறு நடந்திருந்தது. அன்றே பாடம் கற்றிருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்று ஆணையர் எழுதினார்.

ஆணையர் சொன்னால் எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள் என்றும் இல்லை. 1988 ஜூலை 8 அன்று, சேலம் வழியாக ஓடும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கேரளத்தின் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடி ஏரிக்குள் விழுந்தது. 105 பேர் இறந்தார்கள். சுழற்காற்று தள்ளிவிட்டது என்றது ஆணையரின் முடிவு. அன்று அப்படியொரு காற்றே இல்லை என்றார்கள் ஊர்மக்கள். எதிர்ப்பு வலுத்து, ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் தலைமையில் இரண்டாவது விசாரணை அமைக்க வேண்டிவந்தது. சாட்சி சொல்ல வரும் சாமானியரின் வார்த்தைக்கு எவ்வளவு எடை உண்டு என்பதைப் பெருமண் மக்கள் காட்டினார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. விபத்து விசாரணை முடிந்து ஆணையர் தருவது பரிந்துரைதான். ஏற்பதும் தள்ளுவதும் ரயில்வே கையில். ஓடிக்கொண்டிருக்கும் பாதை ஆபத்தானது என்று கண்டாலும் அவர் மத்திய அரசுக்கு எழுதத்தான் முடியும். மூடும் உத்தரவு அரசுடையது. ஆணையர்களும் ரயில்வேயின் மூத்த அதிகாரிகளிலிருந்தே வருகிறார்கள். அனுபவத்துக்கு அது தேவை, ஆனால் பழைய அலுவலகத்தை நோக்கியே விரல் நீட்ட வேண்டியிருக்கிறது. அணு விஞ்ஞானி அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்புக் குழு 2012இல் இதை நேராகவே சொன்னது. விதி வகுப்பதும், ரயிலை ஓட்டுவதும், விதி நடக்கிறதா என்று பார்ப்பதும் வாரியத்திடமே குவிந்திருக்கிறது. சட்ட அதிகாரம் உள்ள தனி ரயில்வே பாதுகாப்பு அதிகார அமைப்பு ஒன்று வேண்டும் என்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது.

இதற்கு அர்த்தம் ரயில் பயணம் மோசமாகிவிட்டது என்பதல்ல. அரசுக் கணக்குப்படி பெரிய விபத்துகள் 2014-15இல் 135; 2024-25இல் 31. அகல ரயில் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு முடிவுக்கு வந்தன. எண்ணிக்கை குறைந்தது நல்லது, ஆனால் எஞ்சிய முப்பத்தொன்றில் ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை பயணிக்கு உண்டு. பிரிட்டனில் 2005இலிருந்து இயங்கும் ரயில் விபத்து விசாரணைப் பிரிவு தன் முழு அறிக்கைகளையும் யாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. இங்கே ஆணையத்தின் ஆண்டறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. தனித்தனி விபத்துகளின் முழு அறிக்கையோ, பெரும்பாலும் நாளிதழ்களுக்குக் கசிந்தால்தான் உண்டு.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு - தர்பங்கா பாக்மதி விரைவு ரயில், பஹானகாவில் நடந்ததுபோலவே, லூப் லைனுக்குள் புகுந்து நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. ஓர் உயிரும் போகவில்லை. சவுத்ரி மறுநாளே அங்கே தண்டவாளத்தில் நின்று பார்த்தார். லோகோ பைலட், நிலைய அதிகாரிகள், சிக்னல் ஊழியர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரித்தார். ராசிபுரத்தில் ஏறி நாமக்கல்லில் இறங்குகிறவரும் அந்த விசாரணையின் முடிவைத் தமிழில், முழுதாக, தன் கைபேசியிலேயே படிக்க முடிய வேண்டும். அதற்குப் புதுப் பாலமோ புது எஞ்சினோ தேவையில்லை. அறிக்கை கைக்கு வந்த நாளிலேயே வெளியிடச் சொல்லி ஓர் உத்தரவு போட்டால் போதும்.