பாட்டியின் கூந்தல்

தலை வாரி முடித்ததும் சீப்பில் சிக்கிய மயிரைச் சுருட்டி எறிந்துவிடுகிறோம். தலையிலுள்ள வரையில் அதற்கு எண்ணெயும் பூவும். உதிர்ந்துவிட்டாலோ தொடவும் கூசுகிறோம். எகிப்து தேசத்தார் அப்படியொரு கற்றையை அரசனுடைய பொன்னோடு பொன்னாக வைத்துக் காத்திருக்கிறார்கள்.

1922-ஆம் வருஷம் ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயர், துத்தன்காமன் என்னும் இளம் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த பொன் முகமூடியைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, அதை விட்டுவிடுவோம். அதே கல்லறையில் சிறிய சவப்பேழை ஒன்றும் இருந்தது. திறந்தால் உள்ளே மற்றொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசிப் பேழைக்குள் இருந்தது பின்னிய கூந்தல் கற்றை. பொறித்திருந்த பெயர் மகாராணி தீயே. துத்தன்காமனுக்கு அவள் பாட்டி.

ராணியின் உடல் எங்கே? 1898-இலேயே வேறொரு மன்னனின் கல்லறையில், பேழையுமின்றிப் பெயருமின்றி, ஒரு ஸ்திரீயின் உடல் அகப்பட்டிருந்தது. கள்வர் சிதைத்தது போக, நீண்ட கபில நிறக் கூந்தல் மட்டும் குலையாமல் தோளில் புரண்டது. ஆராய்ச்சியாளர் அவளை ‘மூத்த மாது’ என்றே அழைத்து வந்தார்கள். 1970-களில் இரு கூந்தல்களையும் ஒப்பிட்டு, ஒருத்தியுடையவையே என்றனர் சிலர். வேறு சிலர் ஒப்பவில்லை. மயிரை நம்பி ராணிப் பட்டம் சூட்டலாமா என்று அவர்கள் தயங்கியது நியாயந்தான். 2010-இல் மரபணுச் சோதனையின் முடிவு வெளிவந்தது. அவள் துத்தன்காமனின் பாட்டியே, தீயேதான்.

2021-ஆம் வருஷம் கெய்ரோ நகரில் அரசர், அரசியர் 22 பேரின் உடல்களைப் புதிய பொருட்காட்சிசாலைக்கு ஊர்வலமாகக் கொண்டுசென்றார்கள். அவளும் போனாள், தன் பெயரோடு.