அமெரிக்காவில் வரி… திண்டிவனத்தில் ஏன் கவலை?

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து இளைஞர்கள் பலருக்கு ஒரகடமும், ஜிஎஸ்டி சாலையில் உள்ள மறைமலை நகரும்தான் வேலை தரும் இடங்கள். கார் பாகங்கள் செய்யும் அந்த ஆலைகளுக்கும் அமெரிக்க வரிக்கும் என்ன சம்பந்தம்?

என்ன வரி?

2025 ஏப்ரல் 3 முதல் இறக்குமதி கார்களுக்கும், மே 3 முதல் இன்ஜின், கியர்பாக்ஸ் உள்ளிட்ட பாகங்களுக்கும் அமெரிக்கா 25% வரி விதித்தது.

யார் கட்டுவது?

நம்ம ஊர் கம்பெனி இல்லை. அங்கே இறக்குமதி செய்பவர்தான். 100 டாலர் பாகத்துக்கு 25 டாலர். ஆனா, 'விலையைக் கொஞ்சம் குறைங்க' என்று அவர் கேட்டால், சுமை இங்கே இறங்கும். ஏற்றுமதி கம்பெனி அதையே தனக்கு சப்ளை செய்யும் சிறு பட்டறையிடம் கேட்கும். பட்டறையில் கை வைப்பது பெரும்பாலும் ஓவர்டைமில். அடுத்து கான்ட்ராக்ட் ஆட்கள் மீது.

வேறு நாட்டுக்கு விற்கலாமே?

உடனே முடியாது. ஒவ்வொரு பாகமும் குறிப்பிட்ட கார் மாடலுக்காகவே செய்யப்படுகிறது. புது வாடிக்கையாளர் மாதிரியைச் சோதித்து ஒப்புதல் தரவே மாதங்கள் ஆகும்.

எதைக் கவனிக்கணும்?

நமக்கு எத்தனை சதவீதம் என்பதை மட்டுமல்ல, போட்டியாளருக்கு எத்தனை என்பதையும். 2025 செப்டம்பரில் ஜப்பானுக்கு இந்த வரி 15% ஆகக் குறைந்தது. ஆர்டர் யாருக்குப் போகும் என்பதை அந்த 10% இடைவெளியே தீர்மானிக்கலாம்.