இரண்டு வாசல் வீட்டுப் பிள்ளைகள்

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் என்டிங்கன் என்றொரு கிராமம். ஊர் நடுவே மாதா கோயில் கிடையாது. மணியும் கடிகாரமுமாக நிமிர்ந்து நிற்பது 1852இல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடம். ஊரே அதைப் பார்த்துத்தான் நேரம் தெரிந்துகொண்டது. அதைவிட விசித்திரம் அங்குள்ள பழைய வீடுகள். ஒரே கூரை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தலைவாசல். ஒன்று யூதர் புழங்க, இன்னொன்று கிறிஸ்தவர் புழங்க. இரு சமயத்தாரும் சேர்ந்து குடியிருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு ஊரார் கண்ட குறுக்குவழி என்று சொல்கிறார்கள்.

1776 முதல் என்டிங்கனையும் பக்கத்து லெங்னாவையும் விட்டால் சுவிஸ் மண்ணில் யூதர் நிலையாகக் குடியிருக்க வேறு இடமில்லை. நிலபுலன் வாங்க வழியில்லை. மாட்டு வியாபாரமும் தலைச்சுமை வியாபாரமும்தான் பிழைப்பு. ஏழைகள் கல்யாணம் முடிக்கவே தடை இருந்தது, யூதர் தொகை பெருகிவிடக் கூடாதாம்! அந்தக் காலத்து யூதத் தாய் தகப்பனுக்கு, பிள்ளையை யூதனாக வளர்ப்பது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் வேலை இருந்திருக்காது. தெருவும் தொழுகைக்கூடமும் வளர்த்துவிட்டன. வளர்ந்தவன் எங்கே போய்க் குடியிருப்பான், யாரைக் கட்டுவான் என்பதே கவலை.

கதவு திறந்ததும் கருணையால் அல்ல. 1864இல் பிரான்சோடு செய்த வணிக ஒப்பந்தப்படி பிரெஞ்சு யூதர் சுவிட்சர்லாந்தில் எங்கும் குடியேறலாம். உள்ளூர் யூதருக்கு மட்டும் அந்த உரிமையில்லை. இந்தக் கேலிக்கூத்தைத் தாங்க முடியாமல்தான் 1866இல் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். குடும்பங்கள் சூரிச்சுக்கும் பாசலுக்கும் கிளம்பின. பூர்விகம் என்டிங்கன் என்று பதிவான குடும்பத்தில் வந்த ரூத் டிரைஃபுஸ், 1999இல் நாட்டின் முதல் பெண் அதிபரானார்.

இன்று நாடு முழுவதும் சுமார் 18,000 யூதர்கள். சூரிச்சில் பிள்ளை வளர்ப்பவருக்கு எந்தத் தெருவிலும் வீடு கிடைக்கும். ஆனால் மாட்டிறைச்சி? மயக்கமூட்டாமல் விலங்கை அறுக்கக் கூடாது என்று 1893இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த தடை இன்னும் நீடிக்கிறது. யூத சமய விதிப்படி அறுத்த கோஷர் மாட்டிறைச்சி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், கூடுதல் விலைக்கு. 2012இல் சூரிச் குழந்தைகள் மருத்துவமனை விருத்தசேதனத்தைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தபோது, புதிதாய் ஆண் பிள்ளை பெற்ற யூதர்கள் திகைத்துப்போனார்கள்.

வாசலும் மாறியிருக்கிறது. யூதப் பள்ளி வாசலில் இப்போது காவலர். அந்தச் செலவில் 2019 முதல் மத்திய அரசும் பங்கு தருகிறது. 2024 மார்ச்சில் சூரிச் வீதியில் ஓர் ஆச்சாரமான யூதரைக் கத்தியால் குத்தியவன் 15 வயதுப் பையன். மகனைத் தலையில் கிப்பா என்ற யூதக் குல்லாயோடு அனுப்புவதா, மேலே ஒரு தொப்பியை மாட்டிவிடுவதா? வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவு இது.

கல்யாணக் கவலை மட்டும் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குக் கூடவே வந்துவிட்டது. தாய் யூதரானால்தான் பிள்ளை யூதர் என்பது மரபுவிதி. தாமஸ் மேயரின் நாவலிலிருந்து எடுத்து 2018இல் வந்த 'வோல்கன்ப்ரூக்' படத்தில், மகன் மொட்டிக்கு அம்மா பெண் மேல் பெண்ணாகப் பார்க்கிறாள்; அவனோ கூடப் படிக்கும் வேற்றுமதப் பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். சூரிச்சிலும் பேர்னிலும் பிள்ளைக்கு வரன் தேடும் ஈழத்தமிழ் அம்மாக்கள் பார்த்தால், சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள்.

சுவிஸ் யூதர் கூட்டமைப்பு 'லிக்ராட்' என்றொரு திட்டம் நடத்துகிறது. பதின்ம வயது யூதப் பிள்ளைகள் மற்றப் பள்ளிகளின் வகுப்பறைகளுக்குப் போய்த் தங்கள் வயதுக்காரர்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். பன்றி இறைச்சி, சனிக்கிழமை ஓய்வுநாள், இஸ்ரேல், காதல் என்று எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்ல அம்மா அப்பா அங்கே இருக்க மாட்டார்கள்.